பெயருக்கு முன்னால் ஒரு பூட்டு

ஜூலை 1, செவ்வாய்

காற்று. கற்பிட்டியை வேரோடு பிடுங்கி மன்னார்ப் பக்கம் நட்டுவிட்டுத்தான் ஓயும் போலிருக்கிறது. என் பத்திரிகைக் கந்தோர் யன்னல் கொக்கி மறுபடி உடைந்தது. தேநீரில் மணல், பற்களில் மணல். காலையில் தும்மினேன், ஒரு வீடு கட்ட மணல் வந்தது.

இன்றைய பெரிய நிகழ்ச்சி: இணையச் சக்கரவர்த்தியாக முடிசூடினேன். முடி கிடையாது, சூடினேன்.

பின்னொரு காலத்தில் இதை நானே வாசித்துக் குழம்பக்கூடாது என்பதற்காகக் குறித்து வைக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஊர் உப்பேரியின் பெயரில் மாதாமாதம் ‘களப்பு முரசு’ அச்சடித்தேன். கடதாசி விலை வானத்துக்குப் போய் அங்கேயே வீடு கட்டியது. அச்சு நின்றது. என் மூத்த சகோதரி, ராத்தாவின் மகள் நுஸ்ரா, கொழும்பில் கணினி படித்தவள், முரசுக்கு இணையத்தளம் கட்டித் தருகிறேன் என்றாள். சும்மா தளம் அல்ல. சந்தா கட்டினால்தான் வாசிக்கலாம். எங்களைப் போலச் சின்னப் பத்திரிகை நடத்தும் மற்றவர்களும் வந்து தங்கள் சரக்கை அதில் வைத்து விற்கலாம். அதாவது நான் பதிப்பாளர்களுக்கெல்லாம் பதிப்பாளர்.

எதிர்க்கட்சி: மச்சான் ஜவ்பர், மனைவியின் தம்பி. கண்டக்குழியில் வெள்ளைக்காரரைக் காற்றாடியில் கட்டித் தண்ணீருக்கு மேல் பறக்கவிடும் தொழில். காற்றாடிகளை அடுக்க என் கந்தோர் அறை வேண்டுமாம். வாடகை தருவானாம்.

மனைவி மஹ்மூதாவின் தீர்ப்பு (வீட்டின் நீதியரசரும் நிதியமைச்சரும் அவளே): இந்த மாதம் முடிவதற்குள் தளம் தன் செலவையும் நுஸ்ராவின் சம்பளத்தையும் தானே உழைக்க வேண்டும். இல்லாவிட்டால் அறை தம்பிக்கு.

சம்மதித்தேன். வேறு வழி?

ஜூலை 3, வியாழன்

காற்று அப்படியே. மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது.

நு. (இனி நுஸ்ராவை இப்படித்தான் எழுதுவேன், கை வலிக்கிறது) பூட்டுப் போட்டுவிட்டாள். சந்தா இல்லாதவர் வாசலோடு சரி. எந்தச் செய்தியைத் திறந்தாலும் முதல் சில வரிதான் தெரியும். கீழே வெள்ளை மூட்டம், அதன் நடுவில் ஒரு பூட்டுப் படம்: ‘தொடர்ந்து வாசிக்கச் சந்தாவில் இணையுங்கள்.’ அழகான பூட்டு. திறப்பு என்னிடம். கோட்டை வாசலில் நிற்கும் ஒல்லாந்தத் தளபதி போல் உணர்ந்தேன்.

தேநீர்க்கடையில் அறிவித்தேன். ஒரு நிமிடம் யாரும் பிளேன்டீயை விழுங்கவில்லை. வாசிக்கக் காசா என்று ஒருவர். வாசிக்காமல் இருக்க எவ்வளவு என்று இன்னொருவர்.

கடைசியில் கடைக்கார ஹனீபா நானா (கடைக்கு வரும் எல்லாருக்கும் அண்ணன்) ஒரு சந்தா எடுத்தார். சந்தோஷப்பட்டு வீட்டுக்கு வந்தேன். மாலையில் போய்ப் பார்த்தால் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துக் கடை முழுவதற்கும் உரக்க வாசித்துக்கொண்டிருக்கிறார். ஏற்ற இறக்கத்தோடு, என்னை விட நன்றாகவே. பத்திரிகைக் காலத்திலும் இப்படித்தான். ஒரு பிரதி, ஒரு ஊர். பூட்டுப் போட்டாலும் காது திறந்துதானே இருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

வெயில், காற்று, ஈ.

இந்த வாரம் எழுதியவையும் வாசித்தவர்களும்:
— களப்பில் இறால் குறைவது பற்றிய கட்டுரை, மூன்று நாள் உழைப்பு: நானும் நு.வும்.
— மாம்புரியில் மரக்கறிச் செய்கை: நானும் நு.வும் ஒரு மாம்புரிக்காரரும். அவர் தன் படம் வந்திருக்கிறதா என்று பார்த்தார்.
— தலையங்கம்: நான் மட்டும். இரண்டு முறை.

நு. கணக்கைக் காட்டினாள். லெப்டொப் திரையில் பச்சைக் கோடு ஒன்று ஓடும்; சந்தா ஏறினால் அது ஏறும். இப்போதைக்குத் தரையில் படுத்திருக்கிறது. மௌத்தாப் போன பாம்பு மாதிரி இருக்கு மாமா என்றாள்.

ஜவ்பர் வந்தான். ஸலாம் சொன்னான், உட்காரவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தான். ஈரம் ஏறுமா மச்சான் என்றான். உன் கண்ணில்தான் ஏறும் என்றேன். சிரித்தான். நல்ல பையன். அதுதான் எரிச்சல்.

ஜூலை 10, வியாழன்

பாம்பு தலையைத் தூக்கியது.

காலையில் நு. பாதித் தட்டு இடியப்பத்தோடு ஓடி வந்தாள். குவைத், கட்டார், சவூதி, இத்தாலியில் மிலான்: சந்தா வந்திருக்கிறது. அந்நியச் செலாவணி. மத்திய வங்கி செய்ய முடியாததை என் ஓட்டைக் கந்தோர் செய்கிறது.

எந்தக் கட்டுரை என்று கேட்டேன். இறாலா, தலையங்கமா?

எல்லாரும் ஒரே வாசலால் வருகிறார்கள் என்றாள். ஜனாஸா அறிவித்தல்.

அட. அதை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதே இல்லை. இடம் நிரப்ப எழுதுவது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மோதினார் ஊதிப் பார்க்கும் சத்தம் கேட்டவுடன் காதைக் கொடுப்பேன். இன்னார், இன்ன இடம், இன்ன தொழுகைக்குப் பின் நல்லடக்கம். மையவாடியில் குழி வெட்டும் முன் என் தளத்தில் ஏறிவிடும். சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் மரண அறிவித்தலும் போடுவேன். மாதா கோவில் மணிக்கும் எனக்கும் ஒரு இழை வித்தியாசம். சில வேளை சொந்தக்காரருக்கே என்னிடமிருந்துதான் தெரியும்.

ஆனால் மற்றவர் மாதிரி நான் வறண்டு எழுதுவதில்லை. எந்த ஏழை மௌத்தானாலும் சுல்தானுக்குரிய மரியாதை. முதலில் கடல், பிறகு காற்று, பிறகு மரம், பிறகு அவர் குணம். பெயர் கடைசியில்தான், திரை தூக்கியது போல. உலகத்தில் யாரும் இப்படி எழுதுவதில்லை. அதைத்தான் கட்டாருக்கும் மிலானுக்கும் கண்டுகொள்ளத் தெரிந்திருக்கிறது.

நு.விடம் சொன்னேன்: நடை மகள், நடை. நடைக்குத்தான் காசு.

ஜூலை 15, செவ்வாய்

காற்று என் பக்கம் வீசுகிறது.

கோடு நிமிர்ந்து நிற்கிறது. நு. கணக்குப் பார்த்துச் சொன்னாள்: இப்படியே போனால் மாத முடிவில் தளம் தன் காலில் நிற்கும், கொஞ்சம் மிச்சமும் வரும். இலாபம். இந்தச் சொல்லை என் வாழ்க்கையில் அகராதியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

விளைவுகள்:
— மஹ்மூதா கேட்காமலே கொடுவா மீன் பொரித்தாள்.
— ஜவ்பர் வேறு இடம் தேடுகிறானாம்.
— சிலாபத்தில் தேங்காய் விலைத் தாள் வெளியிடும் பெனடிக்ற், என்னைக் கண்டால் வீதியைக் கடப்பவர், பஸ் ஏறி வந்தார். தன் தாளையும் என் தளத்தில் வைக்க வேண்டுமாம். பிளேன்டீ குடித்துக்கொண்டே என் ஜனாஸாப் பக்கத்தை வாசித்தார். ‘நானா, நீங்க யாவாரி. பேர ஒளிச்சு வச்சு விக்கிறீங்க. நானும் விலைய அடியிலதான் போடப்போறன்.’

நான் சிரித்தேன். கலைஞனை யாவாரி என்கிறார். தேங்காய்க்காரருக்கு வேறென்ன தெரியும்.

கந்தோருக்குப் புதுக் கதிரை வாங்கலாமா என்று யோசனை. சாய்ந்து சுழல்வது.

ஜூலை 19, சனி

வெயில் கடுமை. காற்று குறைவு. களப்பு கண்ணாடி.

மத்தியானச் சோற்றுக்குப் பின் ஒரு அழைப்பு. குவைத் இலக்கம். புதுச் சந்தாக்காரர், பாராட்டப் போகிறார் என்று சாய்ந்து உட்கார்ந்து எடுத்தேன்.

மாம்புரி நிஸாம். வேன் ஓட்டுகிறவன். ‘நானா, ஏசுறதுக்கு எடுக்கல்ல’ என்று தொடங்கினான். சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தேன்.

புதன்கிழமை மாம்புரியில் ஒருவர் மௌத். நான் எழுதியிருந்தேன், கை நன்றாக ஓடிய நாள்: ‘மாம்புரித் தென்னைகள் இன்று தலைவாரிக்கொள்ளவில்லை. கிணற்று வாளி கயிற்றை விட்டு இறங்க மறுத்தது. பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு, ஒவ்வொரு ஸுபஹுத் தொழுகைக்கும் முதல் ஆளாகப் பள்ளிப் படி ஏறிய ஒரு வாப்பா...’

இந்த இடத்தில் பூட்டு.

நிஸாமின் வாப்பாவும் தென்னை வைத்திருக்கிறார். கிணறு இருக்கிறது. பிள்ளை கடல் கடந்தவன். ஸுபஹுக்கு முதல் ஆள். மாம்புரியில் யார்தான் இல்லை. நிஸாம் வண்டியை ஓரம் கட்டி வீட்டுக்கு எடுத்திருக்கிறான். யாரும் எடுக்கவில்லை. (பக்கத்து வீட்டு ஜனாஸா, எல்லாரும் அங்கே.) தம்பிக்கு எடுத்தான். இல்லை. சம்பளம் இன்னும் விழவில்லை, வங்கிக் காட் வேலை செய்யவில்லை. ரூமில் இருக்கும் பங்களாதேஷ்காரரிடம் கெஞ்சி அவருடைய காட்டைப் போட்டுச் சந்தா கட்டியிருக்கிறான். மூட்டம் விலகியது. கீழே இறங்கி இறங்கி, கடல், காற்று, குணம் எல்லாம் தாண்டி, பெயர்.

அவன் வாப்பா இல்லை.

‘மௌத்துக்கு இன்னா லில்லாஹி சொல்ல வேண்டிய இடத்தில, நன்றி சொல்ற மாதிரி அல்ஹம்துலில்லாஹ் சொல்லிட்டன் நானா. அது என்ட வாயாலதான் வந்திச்சு. அந்த மனிசர் என்னத் தூக்கி வளர்த்தவர். பேர மட்டும் முன்னுக்குப் போடுங்க. மத்ததுக்கு எவ்வளவு கேட்டாலும் கேளுங்க.’

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ நீளமாகச் சொன்னேன். நான் எப்போதுமே நீளமாகத்தான் சொல்வேன்.

அவன் வைத்த பிறகும் போன் காதிலேயே இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

நு.விடம் சொன்னேன். ஒருவன்தானே, அவசரப்பட்டிருப்பான், இல்லையா என்றும் சொன்னேன். ஆம் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் லெப்டொப்பைத் திருப்பி வைத்தாள். ஒவ்வொரு சந்தாவும் எப்படி வந்தது என்று அதில் இருக்கிறது. ஆள் வருகிறார். முதல் வரிகளை வாசிக்கிறார். உடனே காசு கட்டுகிறார். நேரே அடிக்குப் போகிறார். பெயரைப் பார்க்கிறார். போய்விடுகிறார். என் கடலும் காற்றும் குணமும் இருக்கும் நடுப்பகுதியில் யாரும் ஒரு கணம் கூட நிற்கவில்லை. மற்றொரு பக்கத்தைத் திறக்கவுமில்லை. குவைத்தும் அப்படி, மிலானும் அப்படி.

‘மாமா, இது வாசிப்பு இல்ல. பயம்’ என்றாள்.

நடை என்று நான் சொன்னதை அவள் நினைவுபடுத்தவில்லை. நல்ல பிள்ளை.

பகல் முழுக்க ஒன்றும் எழுதவில்லை. பொரித்த கொடுவா நெஞ்சிலேயே நிற்கிறது. ஐந்து நாளைக்கு முன் சாப்பிட்டது.

ஜூலை 21, திங்கள்

மழை வரும் போல் இருட்டி, வராமல் போனது.

என்ன செய்யலாம் என்று எழுதிப் பார்த்தேன்.

1. அப்படியே விடுவது. மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள். முடிந்த பிறகு மாற்றலாம். (அந்தக் கொஞ்ச நாளில் யாருடைய வாப்பா?)
2. பெயர் மேலே, பூட்டு அப்படியே.
3. பூட்டை ஜனாஸாப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுவது.
4. யாரும் மௌத்தாகாமல் பார்த்துக்கொள்வது.

நான்காவதுதான் மிகப் பிடித்திருந்தது.

மஹ்மூதாவிடம் கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு காலமும் யாராவது மௌத்தானால் பள்ளியில் சொல்லக் காசு கேட்டார்களா என்றாள். கேட்கவில்லை. குழி வெட்ட? இல்லை. ஜனாஸா வைத்த சந்தூக்குத் தூக்க? அதற்குப் போட்டி போடுவார்கள் என்றேன். அவள் மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

தீர்ப்பு சொல்வாள் என்று நின்றேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்து ஆறுதலடைந்திருப்பேன்.

ஜூலை 22, செவ்வாய்

மூன்றாவது.

நு. விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எடுக்கவா மாமா? எடு. நிச்சயமாவா? எடு என்று சொன்னேனே. பிறகு, கொஞ்சம் பொறு என்றேன். வெளியே போய்க் களப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எடு என்றேன்.

எடுத்தாள். ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு பெரிய பூட்டு விழும்போது ஒரு சத்தம் கேட்க வேண்டாமா.

பழைய அறிவித்தல்கள் எல்லாவற்றிலும் பெயரை மேலே ஏற்றினேன். மாம்புரி அறிவித்தலும். அவர் பெயர் அபூசாலி. என் தென்னையும் வாளியும் இப்போது அவருக்குக் கீழே நிற்கின்றன, வேலை போனவர்கள் மாதிரி.

நிஸாமுக்கு மெசேஜ் போட்டேன். இரு கை ஏந்திய துஆப் படம் அனுப்பினான்.

ஜூலை 26, சனி

காற்று திரும்பிவிட்டது. கண்டக்குழிப் பக்கம் வானம் முழுக்கக் காற்றாடி. பச்சை, செம்மஞ்சள், ஊதா. கோடு மட்டும் கீழே. புதுச் சந்தா ஒன்றுமில்லை. எடுத்திருந்தவர்களும் ஒவ்வொருவராக நிறுத்துகிறார்கள். ஏன் நிறுத்த மாட்டார்கள். பெயர் இப்போது சும்மா தெரிகிறதே.

ஆனால் புகழ் பெருகுகிறது. ஜும்ஆ முடிந்து பள்ளி முற்றத்தில் கையைப் பிடித்தவர்களை எண்ணினால் நான் அரசியலுக்குப் போகலாம். நல்ல வேலை செய்தீர்கள், ஸவாப் கிடைக்கும் என்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து துஆ வருகிறது, குரல் பதிவு வருகிறது, பூப் படம் வருகிறது. சந்தா வரவில்லை. இறால் கட்டுரைக்கு யாராவது வருவார்களா என்று அதையும் கொஞ்சம் திறந்து வைத்தேன். இறாலும் வரவில்லை.

பெனடிக்ற் தொலைபேசியில். தன் தேங்காய்த் தாளை எடுத்துக்கொள்கிறாராம். ‘கோவிக்காதீங்க நானா. நீங்க செஞ்சது சரி. ஆனா சரிக்கும் யாவாரத்துக்கும் ஒரே வாடக வீடு கிடைக்காது.’ தேங்காய்க்காரருக்கு இவ்வளவு தெரிகிறது.

நு.வுக்குக் கொழும்பில் ஒரு கம்பனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. என்னிடம் சொல்லப் பயந்து மாமி மஹ்மூதாவிடம் சொல்லியிருக்கிறாள். போ மகள் என்றேன். நான் போனா தளத்த யார் பார்ப்பாங்க என்றாள். நான் பார்ப்பேன் என்று மார்தட்டினேன். கடவுச்சொல்லே எனக்குத் தெரியாது என்பது இருவருக்கும் தெரியும்.

ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தந்தாள். பக்கத்தைத் திறப்பது எப்படி, எழுதுவது எப்படி, ஏற்றுவது எப்படி. தளத்தில் மிச்சமெல்லாம் நின்றுபோனாலும் அந்த ஜனாஸாப் பக்கம் மட்டும் செலவில்லாமல் ஓடும்படி செய்து வைத்திருக்கிறாளாம். மிச்சமெல்லாம் என்று அவள் சொன்னது என் இருபது வருடம்.

ஜூலை 29, செவ்வாய்

தலைவலி. ஒன்றுமில்லை.

நிதியமைச்சரிடம் இன்னும் ஒரு மாதம் கேட்கலாமா என்று வாய் திறந்தேன். அவளே முந்திக்கொண்டாள்: கேட்டால் தருவேன், கேட்காதீங்க என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

நு. பின்னேர பஸ்ஸில் கொழும்பு. புத்தளம் வரை நான் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். போனேன்.

ஜூலை 31, வியாழன்

காற்று. யன்னல் கொக்கிக்குப் பதிலாகக் கம்பி கட்டியிருக்கிறேன்.

அலுமாரியைக் காலி செய்தேன். பழைய முரசுகளை ஹனீபா நானா கடைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். வடை சுற்றவா என்று கேட்டார். பிறகு அவரே, இல்லை வாசிக்கத்தான் என்றார். பாவம், பொய் சொல்லத் தெரியாது.

லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜவ்பர் வந்தான், அளக்கும் நாடாவோடு. சுருட்டிய காற்றாடிகள் வாசலில், முச்சக்கர வண்டியில். அவசரமில்லை மச்சான், நாளைக்கும் வரலாம் என்றான். இன்றைக்கே அள என்றேன். ஒரு சுவரை அளக்கத் தொடங்கினான்.

அப்போது பள்ளி ஒலிபெருக்கி. மோதினார் ஊதிப் பார்க்கும் சத்தம். ஜவ்பர் நாடாவோடு அப்படியே நின்றான். வீதியில் யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்கள். உள்ளே மஹ்மூதா தண்ணீர்க் குழாயை மூடினாள்.

குடாவெளி ஹாஜரா உம்மா. மர்ஹூம் காதர் சாஹிபின் மனைவி.

தெரிந்த மனுஷி. பள்ளிக்கூட வாசலில் கடலை விற்றவர். காசில்லாத பிள்ளைக்குக் கடலையும் கொடுத்து ஏச்சும் கொடுப்பார். கடலையை விட ஏச்சுக்காகவே போவோம். என்னை ஒருமுறை, தன் சத்தத்தைத் தானே கேட்கச் சங்குக்குள்ளே பேசுகிறவன் என்றார். அவருக்காகக் கடல் என்ன செய்யும், காற்று என்ன செய்யும், கடலைச் சட்டி என்ன செய்யும் என்று மூன்று பக்கம் அந்த நிமிடமே எனக்குள் அணிவகுத்து நின்றது.

லெப்டொப்பைத் திறந்தேன். நு. எழுதித் தந்த தாளைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு விரலாக அடித்தேன்.

‘ஹாஜரா உம்மா, குடாவெளி. மர்ஹூம் காதர் சாஹிபின் மனைவி. நல்லடக்கம் இன்று அஸர் தொழுகைக்குப் பின்.’

ஏற்றினேன். ஏறியது. அவர் மூத்த மகன் கட்டாரில், இளையவன் ஜித்தாவில்.

ஜவ்பர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். ‘அவ்வளவுதானா மச்சான்? அந்த உம்மாவப் பத்தி ஒண்டும் எழுதல்லியா?’

அவ்வளவுதான் என்றேன்.

அவன் நாடாவை மறுபடி விரித்தான். இனி அளந்து முடித்துவிட்டுச் சேர்ந்தே ஜனாஸாவுக்குப் போவோம் என்றான். நீளச் சுவர் மட்டும் மிச்சம். நாடா அவன் ஒருவனுக்கு எட்டவில்லை. மறுநுனியை நான் பிடித்துக்கொண்டேன்.